கால் வைக்காத வயல்

மண்ணைக் கண்டால் முகம் சுளிக்கிற மனுஷனைத்தான் எங்கள் மாவட்டத்து மண்ணை ஆராய்ந்து படம் போட அனுப்பி வைத்தார்கள். யார் செய்த ஏற்பாடோ, நன்றாக இருக்கட்டும். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் ஒரு கௌரவம் என்று எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் காட்டுவார். மஞ்சக்குப்பத்தில் அவரை எல்லோரும் மண்ணு சார் என்றுதான் சொன்னார்கள். நேரில் 'சார்', அவர் போன பிறகு 'மண்ணு'.

சுனாமி வந்துபோன மறு வருஷம் அந்த அலுவலகம் திறந்தது. ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, மூன்று மேசை, ஒரு இரும்பு பீரோ, ஒரு கம்ப்யூட்டர் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு நான். பியூன் வேலைக்கு அந்தோணி அண்ணன். இரண்டு பேரும் தற்காலிகம்தான். சார் ஒருவர்தான் நிரந்தரம். கடலூர் மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் எந்தெந்த மண் இருக்கிறது, அதில் எது விளையும், எது விளையாது, கடல் தண்ணீர் ஏறிய நிலம் எது என்று ஊர் ஊராகப் படம் தயாரிக்க வேண்டும். நல்ல மண்ணுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், உப்பு ஏறியதற்குச் சிவப்பு. ஒரு சர்வே நம்பரில் சிவப்பு விழுந்துவிட்டால் அந்த வயலுக்கு உப்பை முறிக்கிற ஜிப்சம் மூட்டையும், மடக்கி உழத் தக்கைப்பூண்டு விதையும் இலவசமாக வரும். பச்சை என்றால் ஒன்றும் கிடையாது. நல்ல மண்ணுக்கு எதற்கு மருந்து?

எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டி. அங்கே என் அண்ணனுக்கு ஒரே ஒரு வயல். ஊரின் கடைசி வயல் அதுதான், அதைத் தாண்டினால் கழி. அலை வந்தபோது முதலில் முழுகியதும், கடைசியாக வடிந்ததும் அதுவே. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வயல் முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்து வைத்த மாதிரி. பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருந்த முதலாளி அப்போதே அண்ணனிடம் வந்து கேட்டுவிட்டார். "இனிமே இதுல நெல்லு எங்க வரப்போவுது? எனக்குக் குத்தகைக்கு வுட்டுடு, குட்டை வெட்டிக்கறேன்" என்று. குட்டை வெட்டிவிட்டால் அது மறுபடியும் வயல் ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன், "இன்னும் ஒரு போகம் பார்க்கறேங்க" என்று அனுப்பிவிட்டது. ஆகவே எனக்கு அந்தப் படம் வெறும் படமில்லை.

சாருடைய கால்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த அலுவலகத்தில் மிகுந்த மரியாதையோடு நடத்தப்பட்டவை அவைதான். கடலூர் வெயிலில் காலுறை போட்டு, அதற்கு மேல் செருப்பு மாட்டி வருவார். வந்ததும் ஒரு மஞ்சள் டர்க்கி டவலை மேசைக்கு அடியில் விரித்து அதில் காலை வைத்துக்கொள்வார். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாதத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார். கால் ஆணியோ, வெடிப்போ, என்னவோ ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லை, ஒன்றுமே இல்லாமல் இருக்கவும்தான் இவ்வளவு உபசாரமோ என்னவோ.

இப்படிப்பட்டவர் வயலில் இறங்குவாரா? "மண்ணு ஆபீசுக்கு வரணும்" என்று சட்டம் போட்டுவிட்டார். விவசாயிகள் ஒவ்வொரு சர்வே நம்பரிலிருந்தும் ஒரு கிலோ மண்ணைப் புது பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பரை எழுதி, மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர்கள் வந்தார்கள், பெண்ணாடத்துக்காரர்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். இவர் பையைப் பிரிக்கச் சொல்லி, மண்ணைச் செய்தித்தாளில் கொட்டச் சொல்லி, ஐஸ்கிரீம் கடையில் கொடுக்கிற மரக்கரண்டியால் கொஞ்சமாகக் கிளறுவார். விரலால் தொட்டு நான் பார்த்ததில்லை. பெண்ணாடத்து மண்ணில் ஒரு தடவை மண்புழு நெளிந்தது. ஐயோ, அந்தக் காட்சி! நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "அந்தோணி! அந்தோணி!" என்று கத்துகிறார். அந்தோணி அண்ணன் டீ வாங்கப் போயிருந்தது. நான்தான் புழுவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் முருங்கை மரத்தடியில் விட்டேன். திரும்பி வந்தால், "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு கீபோர்டைத் தொடும்மா" என்றார். மண்புழு இருந்தால் நல்ல மண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அந்த ஞாபகம்கூட வரவில்லை அவருக்கு.

ஆனால் லஞ்சம் வாங்க மாட்டார். இதைச் சொல்லாமல் விட்டால் என்னைப் பொய்க்காரி என்பீர்கள். பொங்கலுக்கு நெல்லிக்குப்பத்து விவசாயி ஒருவர் ஒரு கட்டுக் கரும்பைப் படிக்கட்டில் சாத்திவிட்டுப் போய்விட்டார். இந்த மனுஷன் அந்தக் கட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, மைதானம் வரைக்கும் அந்த ஆளைத் துரத்திக்கொண்டு ஓடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தெருவே பார்த்து மெச்சியது. முதல் மாதம் நானும் மெச்சினேன். பிறகுதான் புரிந்தது, இவர் கை நீட்டி எதையாவது வாங்குகிறவராக இருந்திருந்தால் ஊர் கூடி ஏதாவது கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கலாம். இவரிடம் அந்த வழியும் அடைப்பு.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "என் முன்னால வந்தா எழுதுவேன்." காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டு எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ மாட்டிக்கொண்டாராம். அதிலிருந்து தன் கண்ணுக்கு எதிரே வைத்தது மட்டும்தான் உலகம். அது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

எங்கள் ஊர் முறை வந்தது. அண்ணன்தான் முதலில் மண் கொண்டுவந்தது. வயலில் வெட்டியதை அப்படியே கொண்டுவந்திருந்தது. மேலே வெள்ளை பூத்து, கிளிஞ்சலும் வைக்கோலும் கலந்து, சேறு நாற்றத்தோடு. சார் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது? ஒரு ஆபீசுக்குக் கொண்டுவர்ற மண்ணா இது?"

அவ்வளவுதான் சொன்னார். அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. பையை மடக்கி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால், தங்களுக்கு இல்லாவிட்டாலும் இருக்கிற நல்லதை எடுத்து வைக்கிற ஜனம். அதிலும் ஆபீசர். அதிலும் பரிசோதனை. பரிசோதனை என்றால் பாஸ் ஆக வேண்டாமா? மறு வாரம் ஊரே வந்து இறங்கியது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. மண்ணா அது! வெள்ளையைச் சுரண்டித் தள்ளிவிட்டு, கல் பொறுக்கி, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, கறுப்பாக, பொடிப்பொடியாக, காப்பித்தூள் மாதிரி. சிலர் வயலுக்கே போகவில்லை. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் குப்பைமேட்டு ஓரத்தில் எடுத்திருந்தார்கள். ஒருவர் கோயில் நந்தவனத்து மண்ணையே கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணே, இது நம்ம வயல் மண்ணா?" என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டேன்.

"ஆபீசருக்குக் குடுக்கறது பாப்பா. மோசமானதையா குடுப்பாங்க?"

"உப்பு மண்ணுன்னு தெரிஞ்சாதானே ஜிப்சம் வரும்!"

"அதெல்லாம் அவரு படிச்சவரு, பார்த்தா தெரிஞ்சிக்குவாரு" என்றது அண்ணன்.

படிச்சவர் பார்த்தார். மரக்கரண்டியால் கிளறினார். "பிரமாதமான மண்ணு" என்றார். நான் மேசைக்குப் போய் நின்று சொன்னேன், "சார், இது வயல் மண் இல்ல. மேல இருந்த உப்பைச் சுரண்டிட்டுக் கொண்டாந்திருக்காங்க. நான் அந்த ஊருதான் சார்" என்று. தலையைத் தூக்காமலே, "என் முன்னால வந்தது இதுதானேம்மா" என்றார். பச்சைப் பென்சிலை எடுத்து, பிளேடால் சீவி, சீவிய தூளைச் சுண்டல் பொட்டலக் காகிதத்தில் பத்திரமாகச் சேகரித்துவிட்டு, எங்கள் ஊர் முழுவதையும் கோடு தாண்டாமல் பச்சையாக்கினார். அண்ணன் வயல் பக்கத்தில், 'நெல்லுக்கு மிகவும் ஏற்றது, வடிகால் நன்று' என்று என்னையே டைப் அடிக்க வைத்தார். அடித்தேன். வேறு என்ன செய்ய?

பக்கத்து ஊரில் சோம்பேறிகள் ஜாஸ்தி. கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அவர்களுக்கு ஊரெல்லாம் சிவப்பு. லாரி லாரியாக ஜிப்சம் இறங்கியது. எங்கள் ஆட்கள் ரோட்டோரம் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் நட்ட நாற்று நுனி கருகி, வைக்கோலுக்குக்கூட ஆகாமல் போனது. இறால் பண்ணை முதலாளி மறுபடியும் வந்தார். அண்ணன் மறுபடியும், "இன்னும் ஒரு போகம்" என்றது.

மனுப் போட்டோம். இரண்டாவது தடவை மண் கொண்டுவர விதி இல்லையாம். ஒரே ஒரு வழிதான். அதிகாரி தானே நேரில் மண்ணில் நின்று பார்த்தால் திருத்தலாம். சரி, வாருங்கள் என்று ஜீப்புக்கு ஏற்பாடு செய்து கூட்டிக்கொண்டு போனோம். தார் ரோட்டில் ஜீப் நின்றது. அந்தோணி அண்ணன் குடை பிடித்தது. ரோட்டிலிருந்தே கண்ணைக் கூசுகிற வெள்ளை தெரிகிறது. இவர் காலைக் கீழே வைக்காமல் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தூரத்திலேர்ந்து பார்த்தா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். நான் மண்ணுல நிக்கலையே, எப்படி எழுத முடியும்?" என்றார்.

"எறங்கி நில்லுங்களேன் சார்."

"இன்னொரு நாள் பார்ப்போம்மா. செருப்பு புதுசு."

ஜீப் திரும்பிவிட்டது. என் அண்ணி அந்த ஜீப் போன திசையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை அச்சில் போட முடியாது.

அண்ணியைப் பற்றி ஒரு வரி. அண்ணன் எவ்வளவு சாதுவோ அவ்வளவுக்கு அவள் நெருப்பு. பண்ணை முதலாளியை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புகிறவள் அவள்தான். ஆடி மாதம் எங்கள் ஊர் எல்லையம்மனுக்குச் செடல் திருவிழா வந்தபோது, மண்ணு சாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்ல வைத்ததும் அவளே. மனுஷன் காசுக்கு மயங்க மாட்டார், மாலைக்கு மயங்குவார் என்று நான் போனில் சொல்லியிருந்தேன். நோட்டீஸில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டோம். அந்த நோட்டீஸை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். டீக்கடைக்காரனுக்குக்கூடக் காட்டினார்.

எங்கள் அம்மன் கோயிலை விட்டுக் கிளம்பினால் வயல் நடுவேதான் எல்லை சுற்றி வருவாள். கூடப் போகிறவர்கள் யாரும் செருப்புப் போடக் கூடாது. இது பரிவட்டம் கட்டி மாலை போட்ட பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. நாலு பக்கமும் பார்த்தார். மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. செருப்பைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். அந்தப் பாதங்களை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன். வேகவைத்து உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளேர் என்று இருந்தன. உச்சி வெயிலில் உப்புப் பொருக்கு நொறுங்க நொறுங்க நடந்தார். நடந்தாரா, குதித்தாரா என்று கேட்டால் குதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சாமி வந்துவிட்டது என்று இரண்டு பேர் விபூதி பூச ஓடினார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் படத்தை விரித்தார். சிவப்புப் பென்சிலைச் சீவினார். அப்பாடா, ஊர் பிழைத்தது என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அம்மன் போன வழியில் மட்டும், ஒரு மெல்லிய கோடு இழுத்தார். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு நூல். அந்த நூல் எந்தெந்த வயலைத் தொட்டதோ அந்த நாலைந்து நம்பரை மட்டும் எழுதினார். பென்சிலை டப்பாவில் வைத்து மூடிவிட்டார்.

"மீதி சார்?"

"மீதியில நான் நடக்கலையேம்மா."

"ஒரே மண்ணு சார்! ஒரே தண்ணிதானே ஏறிச்சு!"

"இருக்கலாம். என் கால் பட்டதுக்குத்தான் நான் பொறுப்பு."

வெளியே வந்து அண்ணிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவள், "ஏ பாப்பா, அந்தாளு காலு பட்ட எடம் செவப்பாவுது, அவ்ளோதானே? அப்ப நடக்க வுடு அவர. ஊரு முச்சூடும் நடக்க வுடு" என்றாள்.

அதன் பிறகு எங்கள் எல்லையம்மன் பட்ட பாடு இருக்கிறதே! ஆடியில் ஒரு தடவை வெளியே வந்துகொண்டிருந்தவள், ஆவணியில் வந்தாள், புரட்டாசியில் வந்தாள். கூழ் வார்த்தல் என்று ஒரு நாள், ஊர்ப் பொது நேர்த்தி என்று ஒரு நாள். "இதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்லியே" என்று பூசாரி முனகியதற்கு, "அம்மன் எங் கனவுல வந்து சொன்னா, ஒங் கனவுல வரலன்னா நான் என்னா பண்ணட்டும்?" என்று அண்ணி அடக்கிவிட்டாள். மழைக்காலத்தில் மட்டும் அம்மனுக்கு ஓய்வு. தை பிறந்ததும் மாட்டுப்பொங்கலுக்குக் கிளம்பினாள், மாசியில் கிளம்பினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வழி. வரப்பை விட்டு இறங்கி, ஒரு வயலில் மூலைக்கு மூலை போய், அடுத்த வயலில் திரும்பி, பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போவாள். பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவன்கூட, "பட்டப்பகல்ல எனக்கு என்னா வேல?" என்று கேட்டுக்கொண்டே கூட வந்தான்.

ஒவ்வொரு தடவையும் மாலை, பரிவட்டம், வாழ்க கோஷம். ஒவ்வொரு தடவையும் மனுஷன் வந்தார். அம்மன் ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு மாதம் நாங்கள் கொஞ்சம் தாமதித்தால், "ஏம்மா, உங்க ஊர்ல இந்த மாசம் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று அவரே கேட்பார். அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் வருகிறார் என்று அந்தோணி அண்ணன் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவர் ஒரு பென்சிலால் ஒரு நிமிஷத்தில் முடிக்கிற வேலையை இப்படி நொண்டி நொண்டியா செய்வார்? மாலை ஆசை. வேறொன்றும் இல்லை.

ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் அடுத்த திங்கட்கிழமை ஒரு சிவப்பு நூல். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஊருக்கு ஜிப்சம் வந்தது. முதலில் மூட்டை கிடைத்தவர்கள் வயலில் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுது, தாமதமாகச் சம்பா நட்டார்கள். பயிர் நின்றது. அலைக்குப் பிறகு எங்கள் ஊரில் பச்சையாக நின்ற முதல் பயிர் அதுதான். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள்.

அண்ணன் வயலில் அந்தப் போகமும் கருகியது. ஏன் அதன் முறை வரவில்லை என்று கேட்கிறீர்களா? அதுவே விட்டுக்கொடுத்தது. "அந்தப் பொம்பள புருஷன் இல்லாம கஷ்டப்படுது, அதும் வயல்ல மொதல்ல போவட்டும்." "அவன் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கான்." "நம்ம வூட்டு ஆளு ஆபீஸ்லியே ஒக்காந்திருக்குது, நம்மளுது எங்க ஓடிடப் போவுது?" இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். பண்ணை முதலாளி இப்போது அட்வான்ஸோடு வந்தார். அண்ணன் சொன்னது, "பங்குனியில எங்க வயலுக்கு அம்மன் வரா. ஜிப்சம் வந்துடும். அதுக்கு மேலயும் வரலன்னா நீங்க சொல்றபடி" என்று. வாக்குக் கொடுத்துவிட்டது.

பங்குனியோடு அலுவலகம் மூடுகிறார்கள் என்று எனக்கு ஆர்டர் வந்திருந்தது. படங்களையெல்லாம் கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஊரில் எல்லா வயலும் ஆகிவிட்டது, அண்ணன் வயல் ஒன்றுதான் பாக்கி. கடைசி ஊர்வலம் அதற்காகவேதான். அண்ணி மஞ்சள் புடவை கட்டிக் கரகம் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். மேளம், அம்மன், அதற்குப் பின்னால் சார், பக்கத்தில் அண்ணன், கூட்டத்தோடு நான்.

சாருடைய கால் அன்றைக்கு நன்றாக இல்லை. மாசி ஊர்வலத்தில் கொப்பளித்தது இன்னும் ஆறவில்லை. குதிகாலில் பேண்டேஜ். நடக்க நடக்கப் பேண்டேஜ் நனைந்து சிவந்தது. அண்ணன் வயல் வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார். எதிரே வெள்ளை வெளேர் என்று வயல். அதற்கு அந்தப் பக்கம் வரப்பு, பிறகு கழி. அம்மன் வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"தோ, இந்த ஒரு வயலுதான் சார். எங்களுதுதான்" என்றது அண்ணன். அவர் காலைக் குனிந்து பார்த்தது. "அய்ய, ரத்தம் வருதே சார்!" என்றது. அப்புறம் என்ன நினைத்ததோ, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியது.

"ஏறுங்க சார்."

"வேணாம்யா."

"அட ஏறுங்க சார். எங்க நெலத்துக்கு வந்த ஆளு ரத்தம் சொட்ட நடக்கறதா?"

ஏறிவிட்டார். ஏறிவிட்டாரே! நான் பத்தடி பின்னால், நடுவில் கூட்டம். "அண்ணே, எறக்கி வுடு! அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முண்டியடித்துப் போனால் பொம்பளைகள் குலவை போடுகிறார்கள். ஆபீசரை முதுகில் தூக்கிக்கொண்டு போகிற அழகைப் பார்த்துக் கூட்டம் கை தட்டுகிறது. அண்ணன் உப்பில் பொதக் பொதக்கென்று கால் பதிய, ஒரு தடவைகூட அவரைக் கீழே இறக்காமல், அந்தக் கோடி வரப்பு வரைக்கும் சுமந்துகொண்டு போய், புல் இருக்கிற இடமாகப் பார்த்துப் பூப்போல உட்கார வைத்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்கிற மாதிரி தலையாட்டியது.

அண்ணி கரகத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சார் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "நடந்தாரா?" என்று என்னைக் கேட்டாள்.

திங்கட்கிழமை. அந்தோணி அண்ணன் வெந்நீர் வைத்துக் கொடுத்த பேசினில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற படங்களையெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. எங்கள் ஊர்ப் படம் ஒன்றுதான் மேசையில். சிவப்புப் பென்சில் டப்பாவிலேயே இருந்தது.

"சார், எங்க அண்ணன் வயல்?"

"அதுல நான் கால் வெக்கலையேம்மா."

"வயலுக்கு வந்தீங்களே சார்! அந்தக் கோடி வரைக்கும் போனீங்களே!"

"போனேன். கால் வெச்சது உங்க அண்ணன்."

"சார், இப்பவே ஆட்டோ வெக்கறேன். ஒரு நிமிஷம் எறங்கி நின்னாப் போதும். உங்க கால்ல வேணாலும் விழறேன்."

பேசினிலிருந்து ஒரு காலைத் தூக்கி எனக்குக் காட்டினார். பாதம் முழுக்கப் புண். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க அண்ணன் தங்கமான மனுஷன்மா. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படித் தூக்கினதில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன புண்ணியம்! கலங்கின கண்ணோடேயே படத்தைச் சுருட்டி நூல் கட்டி அந்தோணி அண்ணன் கையில் கொடுத்தார். சாயங்கால வண்டியில் அது போய்விட்டது. மாதக் கடைசியில் எனக்கும் அந்தோணி அண்ணனுக்கும் வேலை போனது.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. பண்ணை முதலாளி குட்டை வெட்டினார். இறாலுக்குத் தீனி போடவும் காவல் இருக்கவும் அண்ணனையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். தன் வயலுக்கு மேலேயே, தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து தீனி தூவிக்கொண்டு போகும். அண்ணி அந்தப் பக்கம் போவதே இல்லை. அம்மனும் பழையபடி ஆடிக்கு ஆடிதான் வெளியே வருகிறாள்.

சில வருஷம் கழித்துப் படம் அச்சாகி வந்தது. கடலூரில் ஒரு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் ஊர் முழுக்கச் சிவப்பு. கிழக்குக் கோடியில் மட்டும் ஒரே ஒரு பச்சைக் கட்டம், கோடு தாண்டாமல், சுத்தமாக. சிதம்பரத்தில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உப்புக்கு நடுவே இந்த ஒரு வயல் மட்டும் எப்படித் தப்பித்தது என்று ஆராய்ச்சி செய்ய ஊருக்கே வந்துவிட்டார்களாம். அண்ணன் அவர்களுக்கு இறால் குட்டையைக் காட்டி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

மண்ணு சார் ஓய்வு பெற்றுக் கடலூரிலேயே தங்கிவிட்டார். 2012இல் ஒரு காலை நேரம், மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார். வெள்ளை ஷூ, வெள்ளைக் காலுறை. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று முந்தானையை இழுத்து மூடினேன். கண்டுபிடித்துவிட்டார்.

"நல்லா இருக்கியாம்மா? உங்க ஊர்ல இப்பல்லாம் விசேஷமே நடக்கறதில்லையா? யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்களே" என்றார். நிஜமாகவே மனத்தாங்கலோடு கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஏறி நேராக ஊருக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் குட்டையிலிருந்து கரையேறிக் கால் கழுவிக்கொண்டிருந்தது. அந்த ஆள் உயிரோடு இருக்கிறான், ஷூ போட்டுக்கொண்டு உலாத்துகிறான், என்னிடம் என்ன கேட்டான் தெரியுமா என்று மூச்சு விடாமல் கொட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. நான் ஓய்ந்ததும், துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டது:

"காலுப் புண்ணு ஆறிடுச்சாமா அவருக்கு?"